ஒளிக்கு நிறையே இல்லையே, சூரியன் அதை எப்படி வளைக்கிறது?

செம்மண்டலம்_குமரன்:

பையன் பதினொன்றாவது படிக்கிறான். பள்ளியில் ஈர்ப்பியல் பாடம் ஓடுகிறது. நேற்று ராத்திரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: "ரெண்டு நிறையையும் பெருக்கித்தானேப்பா ஈர்ப்பு விசை வருது? ஒளிக்கு நிறை சைபர். அப்ப விசையும் சைபர்தானே? சூரியனுக்குப் பக்கத்துல போற ஒளி வளையுதுன்னு ஏன் சொல்றாங்க?"

நான் பி.காம். என்னிடம் பதில் இல்லை. கூடவே எனக்கும் ஒரு சந்தேகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த முதல் ஆழ்வான் படம் 2022 ஜூலையில் வந்ததே, அதில் நடுவைச் சுற்றி வில் வில்லாக நீண்ட கீற்றுகள் நிறைய இருக்கின்றன. அதற்கும் ஈர்ப்புதான் காரணம் என்கிறார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இயற்பியல் தெரிந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

மஞ்சை_ஆசிரியர்:

குமரன் தம்பி, பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். அவனை அடுத்த வரியையும் எழுதச் சொல்லுங்கள். விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். ஈர்ப்புச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் விழுகிற பொருளின் நிறை இருக்கிறது, அடித்துவிடலாம். மிஞ்சுகிற முடுக்கத்தில் சூரியனின் நிறையும் தூரமும்தான் இருக்கும். விழுவது பாறையா தூசியா என்பதற்கு அங்கே இடமே இல்லை. ஆக, நியூட்டன் கணக்கிலேயே ஒளியும் கொஞ்சம் சாயத்தான் வேண்டும் என்று நினைக்க வழி இருக்கிறது. ஜெர்மனியில் யோஹான் சோல்ட்னர் 1801-இலேயே இதைக் கணக்குப் போட்டார். சூரியனின் விளிம்பை உரசிப் போகும் ஒளி 0.84 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வளையும் என்று அவருக்கு விடை வந்தது.

ஐன்ஸ்டைனுக்கும் 1911-இல் கிட்டத்தட்ட இதே எண்தான் கிடைத்தது. 1915-இல் பொதுச் சார்பியல் முழு வடிவத்துக்கு வந்தபோது அது இரட்டிப்பாகி 1.75 வில்விநாடி ஆனது. காரணம், நிறை காலத்தின் ஓட்டத்தை மட்டும் மாற்றுவதில்லை, வெளியின் வடிவத்தையும் மாற்றுகிறது. முதல் பாதி காலத்தால் வருவது, மறு பாதி வெளியின் வளைவால் வருவது. மெதுவாக நகரும் கல்லுக்கு இந்த இரண்டாம் பாதி உறைப்பதே இல்லை. ஒளிவேகத்தில் போகிற ஒன்றுக்கு இரண்டும் சமமாகச் சேரும். ஆகவே "ஒளியை விசை இழுக்கிறதா?" என்று கேட்காமல், "வளைந்த வெளியில் நேராகப் போகும் பாதை எது?" என்று கேட்டால் பையனின் சிக்கல் தீர்ந்துவிடும். அங்கே ஒளியின் நிறை பற்றிய பேச்சே எழாது.

1.75 வில்விநாடி எவ்வளவு சிறியது என்பதையும் சொல்லுங்கள். முழுநிலாவின் அகலத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

இன்னொரு சேதி. 1914 ஆகஸ்ட் கிரகணத்தில் இதை அளப்பதற்காக எர்வின் ஃப்ராய்ண்ட்லிக் என்ற ஜெர்மானியர் ரஷ்யாவுக்குப் போனார். முதல் உலகப் போர் மூண்டது, அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அன்று அவர் அளந்திருந்தால் ஐன்ஸ்டைனின் பழைய எண் பொய்யாகப் போயிருக்கும்!

வீராம்பட்டினத்தான்:

சார், 1919 கதையை நான் சொல்கிறேன். அதில் நம் பஞ்சாங்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

அந்தக் கிரகணம் 1919 மே 29. நமக்குக் கத்திரி வெயில் முடிகிற சமயம், சூரியன் ரோகிணியில் இருக்கும். ரோகிணியைச் சுற்றி ஹயடீஸ் என்ற விண்மீன் கொத்து உண்டு. கிரகணத்தில் வானம் இருண்டால், சூரியனுக்கு மிக அருகில் ஒளிமிக்க விண்மீன்கள் ஒரு கூட்டமாகத் தெரியும். அளப்பதற்கு இதைவிட வசதியான நாள் கிடைக்காது. அதே விண்மீன்களைச் சூரியன் இல்லாத இரவில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிரகணப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இடம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் வளைவு.

ஆங்கில வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே பிரின்சிப்பே தீவுக்குப் போனார். இன்னொரு குழு பிரேசிலில் சோப்ரால் ஊருக்குப் போனது. பிரின்சிப்பேயில் மேகம், உருப்படியாகத் தேறிய படத் தட்டுகள் (அன்று படம் பிடித்த கண்ணாடித் தட்டுகள்) மிகக் குறைவு. அங்கே கிடைத்தது 1.61, சோப்ராலில் சிறிய தொலைநோக்கியில் கிடைத்தது 1.98. நவம்பர் 6-ஆம் தேதி லண்டனில் அறிவித்தார்கள்.

மேகம் என்றதும் புதுச்சேரிக்காரனுக்கு லெ ஜென்டில் நினைவு வராமல் இருக்காது. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து 1760-இல் கிளம்பியவர். 1761-இல் போர் காரணமாக இங்கே இறங்க முடியவில்லை, ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது அளவைக்கு உதவவில்லை. அடுத்ததற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, புதுச்சேரியிலேயே கூடம் கட்டி உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. எடிங்டனுக்குக் கடைசி நேரத்தில் கொஞ்சம் விலகிய மேகம் அவருக்கு விலகவே இல்லை. வானியலின் பெரிய அளவைகள் எல்லாம் இப்படி ஒரு காலைப் பொழுதின் வானத்தை நம்பி நின்றவை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நெய்வேலி_பொறியாளர்:

எனக்கு இரண்டு ஆட்சேபணை.

ஒன்று, சூரியனைச் சுற்றிக் கொரோனா இருக்கிறது. சூடான வாயு. அதன் வழியே வரும் ஒளி சாதாரண ஒளிவிலகலால் வளைந்திருக்கலாமே? ஈர்ப்பு என்று எப்படி முடிவு கட்டுவது?

இரண்டு, எடிங்டன் தனக்குப் பிடித்த விடையைத் தேர்ந்தெடுத்தார், பிடிக்காத தட்டுகளை ஒதுக்கினார் என்று பல இடத்தில் படித்திருக்கிறேன்.

மஞ்சை_ஆசிரியர்:

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஒளிவிலகல் நிறத்தைப் பொறுத்தது. முப்பட்டகத்தில் சிவப்பும் நீலமும் பிரிவது இதனால்தான். கொரோனாவின் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, ரேடியோ அலைகளை அலைநீளத்துக்கு ஏற்றபடி வெவ்வேறாக வளைக்கும். ஈர்ப்புக்கு நிறபேதம் கிடையாது. எந்த அலைநீளமானாலும் ஒரே வளைவு. அதனால் இரண்டு அலைநீளங்களில் அளந்தால் பிளாஸ்மாவின் பங்கைத் தனியே கழித்துவிடலாம். 3சி 279 என்ற குவாசர் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் ஒரு கேலக்ஸியின், அதாவது விண்மீன் திரளின், மையம்) ஒவ்வோர் அக்டோபரிலும் சூரியனுக்குப் பின்னால் போகிறது. 1969-இலிருந்து ரேடியோ தொலைநோக்கிகள் அதை வைத்து அளந்து வருகின்றன. கிரகணம் வேண்டாம், மேகத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். சனிக்குப் போன காசினி விண்கலத்தின் ரேடியோ சமிக்ஞையை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஐன்ஸ்டைன் சொன்ன அளவு லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு துல்லியத்துக்கு ஒத்துப்போனது.

இரண்டாவது கேள்வி. சோப்ராலில் இரண்டு கருவிகள் இருந்தன. பெரிய கருவியின் படங்கள் மங்கலாக வந்தன, வெயில் சூட்டில் குவியம் மாறியிருந்தது. அதில் 0.93 என்று, நியூட்டனுக்குப் பக்கத்தில் விடை வந்தது. அதை ஒதுக்கியது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் சோப்ரால் குழுவினுடையவை. அவற்றைக் கையாண்டவர் அரச வானியலாளர் டைசன், எடிங்டன் கிடையாது. 1979-இல் அதே தட்டுகளை நவீனக் கருவியால் மறுபடி அளந்தபோது, அந்த மங்கல் தட்டுகள்கூட ஐன்ஸ்டைன் பக்கமே சாய்ந்தன.

1922-இல் ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரையில் கேம்ப்பெல் குழு இன்னும் நன்றாக அளந்து உறுதிப்படுத்தியது. நம் கொடைக்கானல் வான் ஆய்வகத்திலிருந்து எவர்ஷெட் தலைமையில் ஒரு குழுவும் அங்கே போனது. கருவி சரிவர இயங்காததால் அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை.

தேவனாம்பட்டினம்_செல்வி:

நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஒளி வளையுதுன்னு நிரூபிச்சாச்சு, சரி. அதை வச்சு வானியலாளர்கள் என்ன பண்றாங்க? ஐன்ஸ்டைன் சொன்னது சரின்னு திரும்பத் திரும்பக் காட்டுறது மட்டும்தானா? குமரன் அண்ணா கேட்ட அந்த வில் மாதிரி கீற்றுகளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே.

லாஸ்பேட்டை_யாழினி:

செல்வி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்திருக்கும் துறை இதுதான். நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கீற்றுகள். ஐஸ்கிரீம் தருவார்களே, காலும் தட்டையான பாதமும் உள்ள கண்ணாடிக் கோப்பை, அதன் பாதத்தின் வழியாகத் தூரத்தில் இருக்கும் ஒரு தெருவிளக்கைப் பாருங்கள். கோப்பையின் கால் விளக்குக்கு நேராக வந்தால் விளக்கு வளையமாகத் தெரியும். சற்று நகர்த்தினால் வளையம் உடைந்து வில்லாகும், பிறகு இரண்டு புள்ளிகளாகும். வானத்திலும் இதுவேதான் நடக்கிறது. நடுவில் ஒரு கேலக்ஸியோ கேலக்ஸிக் கொத்தோ இருந்தால், அதற்கு வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸியின் ஒளி பல பக்கமாக வளைந்து நம்மிடம் வந்து சேரும். இதை ஈர்ப்பு வில்லை என்கிறோம். குமரன் சார் பார்த்த படத்தில் நடுவில் இருப்பது ஒரு கேலக்ஸிக் கொத்து. கீற்றுகள் எல்லாம் அதற்குப் பின்னால், பல மடங்கு தூரத்தில் இருப்பவை.

ஐன்ஸ்டைனே 1936-இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு வில்லையாவதை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை என்றார். அடுத்த ஆண்டே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, "விண்மீனை விடுங்கள், கேலக்ஸிகள் வில்லையாகும், அதைப் பார்க்க முடியும்" என்றார். 42 ஆண்டு கழித்து, 1979-இல், அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகத்தில் வால்ஷ், கார்ஸ்வெல், வைமன் மூவரும் 6 வில்விநாடி இடைவெளியில் இரண்டு குவாசர்களைக் கண்டார்கள். நிறமாலையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்று! ஏறத்தாழ 900 கோடி ஆண்டு பயணம் செய்து வரும் ஒரே குவாசரின் இரண்டு பிம்பங்கள் அவை. ஒன்றில் ஒளி கூடினால், சுமார் 417 நாள் கழித்து மற்றதிலும் அதே போலக் கூடுகிறது. இரண்டு பாதைகளின் நீளமும் ஒன்றில்லை, வழியில் உணரும் ஈர்ப்பும் ஒன்றில்லை.

இனி உங்கள் "என்ன பயன்?" என் பதில் இதுதான்: இது ஒரு தராசு. வானியலில் நாம் ஒன்றை எடை போட, பெரும்பாலும் அது வெளிவிடும் ஒளியையோ அதைச் சுற்றி நகர்பவற்றின் வேகத்தையோதான் நம்புகிறோம். ஈர்ப்பு வில்லைக்கு வில்லையாக நிற்கும் பொருளின் ஒளி தேவையே இல்லை. பின்னாலிருந்து வரும் ஒளி எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால் போதும், நடுவில் எவ்வளவு நிறை இருக்கிறது என்று கணக்கு சொல்லிவிடும். அது ஒளிர்ந்தாலும் சரி, ஒளிராவிட்டாலும் சரி.

இதில் எனக்கு மிகப் பிடித்த அளவை ஒரு சின்ன விண்மீனைப் பற்றியது. ஸ்டெய்ன் 2051 பி என்ற வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்), நம்மிடமிருந்து சுமார் 18 ஒளியாண்டு. 2014-இல் அது பின்னணியில் இருந்த ஒரு மங்கலான விண்மீனுக்கு மிக அருகே கடந்து போனது. ஹபிள் தொலைநோக்கியால் கைலாஷ் சாஹு குழுவினர் அந்தப் பின்னணி விண்மீன் இடம் மாறுவதை அளந்தார்கள். மாற்றம் ஒரு வில்விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அதிலிருந்து வெண்குள்ளனின் நிறை சூரியனைப் போல 0.675 மடங்கு என்று 2017-இல் வெளியிட்டார்கள்.

இந்த எண் ஏன் முக்கியம்? வெண்குள்ளனின் நிறை கூடக் கூட உருவம் சுருங்கும் என்ற கொள்கையைச் செதுக்கியவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. வெண்குள்ளனுக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று அவர் சொன்னதை 1935-இல் லண்டன் கூட்டத்தில் வெளிப்படையாக மறுத்தவர் எடிங்டன். ஆம், அதே பிரின்சிப்பே எடிங்டன். அவர் 1919-இல் சூரியனிடம் செய்த அளவையை நம் காலத்தில் ஒரு வெண்குள்ளனிடம் செய்து பார்த்தார்கள். வந்த நிறை, சந்திரசேகர் வழியில் வந்த நிறை-ஆரக் கணக்கோடு பொருந்தியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

செம்மண்டலம்_குமரன்:

அம்மா யாழினி, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கரும்பொருள் என்பதையும் இப்படித்தான் எடை போடுகிறார்களா என்று கேட்கிறான்.

லாஸ்பேட்டை_யாழினி:

ஆமாம் சார். கொத்துகளின் வில்லைத் திறனை அளந்தால், அங்கே உள்ள விண்மீன்கள், வாயு எல்லாவற்றையும் கூட்டினாலும் பல மடங்கு போதவில்லை. மொத்தப் பருப்பொருளில் ஆறில் ஐந்து பங்கு ஒளிராதது என்பது பலவகை ஆய்வுகளும் சேர்ந்து சொல்லும் கணக்கு.

நெய்வேலி_பொறியாளர்:

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. எடை போதவில்லை என்றால் தராசே தவறாக இருக்கலாம். பெரிய தொலைவுகளில் ஈர்ப்பு விதி வேறாக இருந்தால்? கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கற்பனை செய்வதைவிட அது எளிமையாயிற்றே.

லாஸ்பேட்டை_யாழினி:

அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், அதைத் தீவிரமாக ஆராய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புல்லட் கொத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போயிருக்கின்றன. கொத்துகளில் சாதாரணப் பொருளின் பெரும்பகுதி விண்மீன்களில் இல்லை, சூடான வாயுவில் இருக்கிறது. மோதலில் வாயுவும் வாயுவும் உரசி வேகம் குறைந்து நடுவில் தங்கிவிட்டது, சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. கேலக்ஸிகளுக்கு இடையே தூரம் அதிகம், அதனால் அவை மோதாமல் இருபுறமும் விலகிப் போய்விட்டன.

இப்போது தராசை வைத்துப் பாருங்கள். ஈர்ப்பு விதி மட்டும் மாறியிருக்கிறது, வேறு பொருள் எதுவும் இல்லை என்றால், வளைவு எங்கே அதிகமாக இருக்க வேண்டும்? பொருள் அதிகமுள்ள இடத்தில், அதாவது நடுவில் இருக்கும் வாயுவில். 2006-இல் டக்ளஸ் க்ளோ குழு அளந்தபோது வளைவு அங்கே இல்லை. கேலக்ஸிகள் போய் நின்ற இரண்டு பக்கங்களிலும் இருந்தது. நிறையின் பெரும்பகுதி வாயுவை விட்டுவிட்டு, எதனோடும் உரசாமல் கடந்து போயிருக்கிறது. விதியை மாற்றி எழுதுபவர்களும் இதை விளக்க ஏதோ ஒரு வகைக் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் சேர்க்க வேண்டியதாகிறது.

நெய்வேலி_பொறியாளர்:

வாயு ஓரிடம், நிறை வேறிடம் என்பது கனமான வாதம். அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறேன். மோதலின் வேகம் பற்றி எனக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு, அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

தேவனாம்பட்டினம்_செல்வி:

அக்கா, அந்த 417 நாள் விஷயம் மனசுல நிக்குது. ஒரே ஒளி வேற வேற நேரத்துல வருதுன்னா, ஒரு நிகழ்ச்சியை ரெண்டாவது தடவை வர்றதுக்கு முன்னாடியே "இன்ன தேதிக்கு வரும்"னு சொல்ல முடியுமா?

லாஸ்பேட்டை_யாழினி:

சொல்லியிருக்கிறார்கள், செல்வி. வந்தும் இருக்கிறது.

நார்வேயின் ஷூர் ரெஃப்ஸ்தால் 1964-இலேயே எழுதினார்: வில்லைக்குப் பின்னால் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, நிகழ்ந்தால், அதன் பிம்பங்கள் தாமதித்துத் தாமதித்து வரும், அந்தத் தாமதத்திலிருந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். அவர் 2009-இல் காலமானார். 2014 நவம்பரில் பேட்ரிக் கெல்லி ஹபிள் படங்களில் ஒரே சூப்பர்நோவாவின் நான்கு பிம்பங்களைக் கண்டார். அதற்கு ரெஃப்ஸ்தால் பெயரையே வைத்தார்கள். வில்லையாக நின்ற கொத்தின் நிறைப் பரவலை வைத்து, இன்னொரு பிம்பம் அடுத்த ஓராண்டு வாக்கில் இன்ன இடத்தில் தோன்றும் என்று பல குழுக்கள் முன்கூட்டியே கணித்து வெளியிட்டன. ஹபிளை அந்த இடத்துக்குத் திருப்பிக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பர் 11 அன்று எடுத்த படத்தில் அது இருந்தது.

ஒரு விண்மீன் வெடிப்பை, எங்கே, எப்போது என்று முன்கூட்டிச் சொல்லி மனிதன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விரியும் வேகத்தில் இப்போது பெரிய சண்டை நடக்கிறது. பெருவெடிப்பின் மிச்சமான ஆதிப் பின்னணிக் கதிர்வீச்சை வைத்தால் 67, அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை வைத்தால் 73 (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு விநாடிக்கு இத்தனை கி.மீ. என்ற கணக்கு). குவாசர் தாமதங்கள் 73 பக்கம் நின்றன. ரெஃப்ஸ்தால் சூப்பர்நோவாவிலிருந்து 2023-இல் வந்த விடை 67 பக்கம் இருக்கிறது. இதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவது இன்னும் கண்டுபிடிக்காத வில்லைகள்தான். 2023-இல் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் அவற்றைத் தேடித் தரும் என்று எதிர்பார்க்கிறோம். தொடக்கத்திலேயே என்.ஜி.சி. 6505 என்ற கேலக்ஸியைச் சுற்றி முழு வளையம் ஒன்றைக் காட்டியது. அந்தக் கேலக்ஸியை 1884-இலிருந்தே அறிவோம், 59 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற பக்கத்து வீடு. வளையத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை!

வீராம்பட்டினத்தான்:

நம் ஊரிலிருந்து இவற்றைப் பார்க்க ஏதாவது வழி உண்டா? என்னிடம் எட்டு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது.

மஞ்சை_ஆசிரியர்:

எட்டு அங்குலத்துக்கு எட்டாது தம்பி. அந்த இரட்டைக் குவாசர் சப்தரிஷி மண்டலத்தில் இருக்கிறது. பங்குனி, சித்திரை இரவுகளில் நம் வட வானில் 45 பாகை உயரம் வரை ஏறும். ஆனால் அதன் பொலிவு எண் சுமார் 17 (எண் கூடக் கூட மங்கல்). அதைப் பிடிக்க இன்னும் பெரிய ஆடியும் நல்ல இருட்டும் வேண்டும். சில்வர் பீச் விளக்குகளுக்கும் சிப்காட் வெளிச்சத்துக்கும் நடுவே நடக்காது. ரோகிணியையும் ஹயடீஸையும் மார்கழி இரவில் வெறுங்கண்ணால் காட்டலாம். 1919-இல் அளந்தது இந்த ஹயடீஸ் பக்கத்து விண்மீன்களைத்தான் என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

செம்மண்டலம்_குமரன்:

எல்லோருக்கும் நன்றி. பையனிடமிருந்து ஒரு கடைசிக் கேள்வி: "அவ்வளவு தூரத்துல இருக்கிற கேலக்ஸி எல்லாம் வில்லைன்னா, நம்ம சூரியனையே வில்லையா வச்சுப் பார்க்க முடியாதா?"

லாஸ்பேட்டை_யாழினி:

முடியும் என்று கணக்கு சொல்கிறது. 1.75 வில்விநாடி வளைந்த ஒளி எங்கே போய்க் குவியும் என்று அவனே முக்கோணம் வரைந்து போட்டுப் பார்க்கட்டும். சூரியனின் ஆரத்தை அந்தக் கோணத்தால் வகுத்தால் போதும், கோணத்தை ரேடியனுக்கு மாற்ற மறக்கக் கூடாது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப் போல 550 மடங்கு என்று விடை வரும். அதற்கு அப்பால் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் நிறுத்தினால், வேறு விண்மீனைச் சுற்றும் ஒரு கோளின் நிலப்பரப்பையே பார்க்கலாம் என்று திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 இன்னும் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக்கூடத் தொடவில்லை. கணக்கு சரியாக வந்ததா என்று அவனையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.